ரெண்டாவது லட்டு

கதவைச் சாத்தின அடுத்த நொடியே ரூபினா லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அஜீசுன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். இந்த நாலரை வயசுப் பிள்ளைக்காகத்தான் காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

விஷயம் இதுதான். பெரிய ஸ்கூல் ஒன்று இந்தப் பால்வாடியிலிருந்து நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. பன்னிரண்டாவது வரை ஃபீஸே கிடையாது. அந்த நாலு பேரை எடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளை வடிகட்டத்தான் ஜானட் மிஸ் ஸ்வீட் பாக்ஸும் கையுமாக வந்திருந்தார்.

பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து எதிரில் ஒரு லட்டு வைப்பார். பத்து நிமிஷம் தொடாமல் இருந்தால் இன்னொன்று தருவார். ஆசையை அடக்கத் தெரிந்த பிள்ளைதான் படிப்பில் தேறுமாம். புஸ்தகத்தில் போட்டிருக்கிறதாம்.

மற்றதுகள் எப்படியோ சமாளித்தன. பென்னி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். மகிழினி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ரைம்ஸ் சொன்னாள். கடைசியாக வந்த ரூபினாதான் மானத்தை வாங்கிவிட்டாள்.

"பொறுமையெல்லாம் வீட்டுல சொல்லித் தரணும்மா" என்றபடி ஜானட் மிஸ் லிஸ்டில் அவள் பேரை அடித்தார்.

பால்வாடி டீச்சர் தாயம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இது சமத்துப் பிள்ளை, இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். ரூல் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றுவிட்டார் மிஸ்.

அஜீசுன்னிசா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"பத்து நிமிசம் சும்மா குந்திகினு இருக்க முடியலியா உனக்கு? காணாதத கண்டா மாதிரி..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரூபினா முதுகைத் தேய்த்துக்கொண்டே, "பாக்ஸுல அது ஒண்ணுதாம்மா இருந்துச்சு" என்றாள்.

என்ன சொல்கிறாள் இவள் என்று ஜானட் மிஸ் பாக்ஸைத் திறந்தார். நெய் ஊறின காகிதம் மட்டும் கிடந்தது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு எடுத்து வைத்த அவசரத்தில் அவர் உள்ளே குனிந்து பார்க்கவே இல்லை.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குரலும் இறங்கிவிட்டது.

"அதுக்கு ஏன்டா கண்ணு உடனே தின்னே?"

ரூபினா அம்மாவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு மிஸ்ஸின் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் தின்னுட்டா நீ இன்னொண்ணு குடுக்க வேணாம்ல மிஸ். வீட்டுல இல்லாதப்ப கேட்டா எங்கம்மா அழுவும்."