லில்லியின் ஏப்பம்

"வாயத் தொறந்து ஊதிக் காட்டுறேன், மோந்து பாரு புள்ள! ஒரு சொட்டு உள்ள போயிருந்தா நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

"நீங்க ஊதவும் வேண்டாம், நான் மோந்து பாக்கவும் வேண்டாமுங்க. உங்க ஸ்வெட்டரே ஊருக்கெல்லாம் சொல்லுது" என்றாள் தபித்தாள், பெட்டியின் மேல் உட்கார்ந்து மூடியை அழுத்தியபடி.

நெல்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. புத்தாண்டு ஆராதனையில் பைபிள் மேல் கை வைத்து, இனி குடிப்பதில்லை என்று சபை முழுக்கக் கேட்கச் சொன்னவன். அன்றைக்குத் தபித்தாள் சந்தோஷத்தில் அழுத அழுகையில் பாஸ்டரம்மாவே கைக்குட்டையை நீட்ட வேண்டியதாயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சர்ச்சில் அசன விருந்து முடிந்த மறுநாள் ஆரம்பித்தது வினை. சாயங்காலம் மாட்டு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவன் மேல் புளித்த கள் நாற்றம். மறுநாளும் அதே நாற்றம். அதற்கு மறுநாளும்.

"தொழுவத்துலதான் பாட்டில ஒளிச்சு வெச்சிருக்கீங்க. அங்கயும் இதே நாத்தந்தான். நானுந்தான் தேடறேன், கையில சிக்க மாட்டேங்குது!"

"இருந்தாத்தானே சிக்கும்?"

அன்றிலிருந்து நெல்சனுக்கு வீட்டில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. கடைவீதியில் டீயும் வர்க்கியும்தான். இன்றைக்குப் பெட்டியே கட்டியாயிற்று. மத்தியான பஸ்ஸில் பந்தலூருக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள். காலை பஸ்ஸிலேயே போயிருப்பாள். பசுமாடு லில்லி புல்லில் வாய் வைக்காமல் நின்றதால்தான் நின்றாள். புருஷனை விட்டுவிட்டுப் போகலாம், சீக்கு மாட்டை எப்படி விட்டுவிட்டுப் போவது?

பனி விலகும் நேரத்துக்குக் கால்நடை டாக்டர் ரோஸ்மேரி வந்து சேர்ந்தார். நேராகத் தொழுவத்துக்குப் போனார். இருவரும் பின்னாலேயே போனார்கள், நடுவில் நாலு முழம் இடைவெளி விட்டு.

டாக்டர் லில்லியின் இடது வயிற்றில் கை வைத்து அழுத்தினார். சாணத்தைப் பார்த்தார். பிறகு தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார். லில்லி அவர் முகத்துக்கு நேராக நீளமாக ஒரு ஏப்பம் விட்டது.

தபித்தாள் திடுக்கிட்டாள். "டாக்டரம்மா! இது... இதே நாத்தந்தானுங்க!"

"வயிறு புளிச்சுப் போச்சும்மா. பாலு எப்படி?"

"சொசைட்டியில நெய்ச்சத்துக் கொறஞ்சுபோச்சுன்னாங்க. தண்ணி ஊத்தறோமான்னு வேற கேட்டாங்க."

"நீங்க ஊத்தல. இவ வயித்துக்குள்ளதான் கோளாறு" என்றார் டாக்டர். "மாடு திங்கற புல்லு வயித்துல மெதுவாப் புளிச்சு, கொழுப்பு அமிலமா மாறும். நமக்குச் சோறு மாதிரி அதுக்கு அந்த அமிலந்தான் தெம்பு. பாலுல நெய் ஏறறதும் அதனாலதான். ஆனா புல்லுக்குப் பதிலா சோத்தைக் கொட்டினீங்கன்னா மடமடன்னு புளிச்சு, அமிலம் தாங்க முடியாத அளவுக்கு ஏறிடும். அசை போடாது. புல்லைத் தொடாது. ஏப்பம் விட்டா கள்ளுக்கடைதான்."

"அப்போ அவரு ஸ்வெட்டர்ல..."

"தெனமும் மாட்டை அணைச்சுப் புடிச்சுத் தேச்சு விடறாரில்ல? கம்பளி அப்படியே இழுத்துக்கும். இந்தக் குளிர்ல யாரு தெனமும் ஸ்வெட்டர் தோய்க்கறாங்க?"

நெல்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்டர் சொல்லி நம்பாதவள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லி நம்பாதவள், மாட்டின் ஏப்பத்தை நம்பிவிட்டாள். அது போதும் அவனுக்கு. லில்லியின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும். சோறு போட்டது யாரு?" என்றார் டாக்டர்.

"அசனத்துல மிஞ்சின சோறு ஒரு வாளி கொண்டாந்து போட்டேனுங்க. அன்னிக்கு ஒரு நாளுதான்" என்றான் நெல்சன்.

"அது அப்பவே சரியாப் போயிருக்கும். இது தெனமும் விழுகுது."

"நான் பில்லும் வைக்கோலுந்தானுங்க வெக்கறேன். சத்தியமா!"

"அக்கம்பக்கத்துல யாராவது?"

"அய்யோ, அடுப்புல உலை கொதிக்குதுங்க" என்று தபித்தாள் வீட்டுக்கு ஓடினாள்.

டாக்டர் சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். காய்ந்த வைக்கோல் மட்டும் போடச் சொன்னார். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து, பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நெல்சன் காதுக்குக் கோயில் மணி போல இருந்தது.

தபித்தாள் ஆவி பறக்கும் சோற்றுக் குண்டானோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க, ஒரு வாரமா உங்களப் பட்டினி போட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. வாங்க, சாப்புடலாம். டாக்டரம்மா, நீங்களும் ஒரு வாய்..."

அவள் முடிக்கவில்லை. காலையிலிருந்து புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காத லில்லி, குண்டானைக் கண்டதும் "ம்மா" என்று குரல் கொடுத்து, கயிறு இழுபட இழுபட நேராக அவளிடம் வந்து, வழக்கம்போல மூக்கை உள்ளே விட்டது.

டாக்டர் குண்டானைப் பார்த்தார். நெல்சன் பெண்டாட்டியைப் பார்த்தான். தபித்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடிகாரனுக்குப் போடறதுக்கு இதுக்குப் போட்டா பாலாவது கறக்கும்னு நெனச்சேனுங்க..."

நெல்சன் மெல்ல லில்லியின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தான். "தள்ளிக்க தாயி. இத்தன நாளு என் சோத்த நீதான் தின்ன, இன்னிக்கு எனக்கு."