ஓட்டை எக்சோஸ்

மலேசியாவின் திகாம் பத்து ஊரில், வீட்டின் கார் போர்ச்சில், முன்பக்கம் நசுங்கிய டிராக் ரேஸ் கார் மரக்கட்டைகள்மேல் நின்றது. அண்ணன் தயாளனின் கார். மோதியதில் அதன் எக்சோஸ் புகைக்குழாயில் விழுந்த ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்துக்கொண்டிருந்தான் தம்பி புவனேசன்.

"புது எக்சோஸ் வாங்கிப் போடு லா. இதப் போயி ஒட்டிக்கிட்டிருக்க?" என்றான் நண்பன் கமலநாதன்.

"புதுசு போட்டா சத்தம் மாறிடும்."

"ரேஸுக்குச் சத்தமா முக்கியம்? சரி, டயர் எப்ப மாட்டப் போற?"

"டயர் வேணாம்."

"டயர் இல்லாம கேட்டக்கூடத் தாண்டாதுடா."

புவனேசன் காருக்குள் ஏறிச் சாவியைத் திருப்பினான். என்ஜின் உறுமியது. அண்ணன் வீடு திரும்பும்போது செய்வதுபோலவே, இரண்டு முறை ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டு அணைத்தான்.

தயாளன் வந்தால்தான் சாப்பிடுவேன் என்று முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த அம்மா மருதம்மாள், சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தார். கண் தெரியாது. இப்போது நினைவும் தங்குவதில்லை.

"தயாளா, வந்துட்டியாய்யா?"

கமலநாதன் தலையைக் குனிந்துகொண்டான். தயாளனின் சாம்பலை ஆற்றில் கரைத்தபோது அவனும் கூட நின்றவன்.

"வந்துட்டேம்மா," என்றான் புவனேசன், அண்ணனின் குரலில். "வாங்க, சாப்பிடலாம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது.

"இருய்யா. தம்பி இன்னும் வரலியே. அவனும் வந்துறட்டும், அப்புறம் சாப்பிடுறேன்."