தொப்பிக்குள் இரண்டு சீட்டு

அவள் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தோட்டத்து முதலாளி பெம்பர்ட்டனின் கறுப்புத் தொப்பி. பாகம் பிரிக்கச் சொல்லி நீதிமன்றம் அனுப்பிய மனிதர். சாப்பாட்டு மேசை நடுவில் தொப்பியை மல்லாத்தி வைத்திருந்தார். உள்ளே இரண்டே சீட்டு.

செத்துப்போன அப்பாவின் புகையிலைத் தோட்டத்து அடிமைகள் இருபத்திரண்டு பேரும் அந்த இரண்டு சீட்டுக்குள் மடங்கிக் கிடந்தார்கள்.

ஒன்று அவளுக்கு. ஒன்று தங்கை ட்ரூசில்லாவுக்கு.

நிலம், மாடு, வெள்ளிக் கரண்டி எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. அதிலெல்லாம் அவள் வாயைத் திறக்கவில்லை. ட்ரூசில்லா ஆற்றோர வயலைக் கேட்டாள். இவள் விட்டுக்கொடுத்தாள். இவள் கணவன் பல்லைக் கடித்தான்.

கடிக்கட்டும்.

அவளுக்கு வேண்டியது கெசையா.

கெசையா இந்த வீட்டு அடிமையாகவே பிறந்தவள். அக்கா தங்கை இருவருக்கும் தலை சீவியவள், துணி தைத்தவள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தராசில் வைத்தாலும் இருவருக்கும் ஒரே எடை.

சிரிப்பில்தான் எடை தவறியது.

ட்ரூசில்லாவின் அறைக் கதவு மூடியிருக்கும். உள்ளே கெசையா சிரிப்பது கேட்கும். இவள் கதவைத் திறந்ததும் நின்றுவிடும்.

பதினைந்து வருடம் அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள்.

பெம்பர்ட்டன் முதலில் கெசையாவையும் அவள் மகள் மில்லியையும் ஒரே சீட்டில்தான் எழுதியிருந்தார். மில்லிக்கு ஏழு வயது. தாயையும் பிள்ளையையும் பிரிப்பானேன் என்று நினைத்திருப்பார் பாவம்.

இவள்தான் குறுக்கே விழுந்தாள்.

"தையல் தெரிஞ்சவளும், நாளைக்கு அதைக் கத்துக்கப்போறவளும் ஒரே பக்கம் போயிட்டா, அது எப்படிங்க சமமாகும்?"

இங்கிலாந்து ராஜாவை விரட்டிவிட்டுப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. வர்ஜீனியாவில் சமம் என்ற சொல்லுக்கு அப்போது நல்ல மவுசு. பெம்பர்ட்டன் தாடையைச் சொறிந்தார். பேனாவை மையில் தொட்டார்.

மில்லி இந்தச் சீட்டிலிருந்து அந்தச் சீட்டுக்குப் போனாள்.

கெசையாவே தங்கைக்கு விழுந்தாலும், முழுசாக விழக் கூடாது. அவ்வளவுதான் இவள் எண்ணம்.

"மூத்தவங்க முதல்ல எடுங்கம்மா."

கையை விட்டாள். தொப்பியின் உள்பக்கம் வியர்வையில் பிசுபிசுத்தது. பெம்பர்ட்டன் சீட்டை வாங்கிப் பிரித்துப் படித்தார்.

முதல் பெயர் கெசையா.

மற்ற பத்துப் பெயர்களை அவள் காதில் வாங்கவே இல்லை.

கெசையா அங்கேதான் இருந்தாள். தேநீர்க் கெண்டியும் கையுமாக, சுவரோரம். வந்தவர்களுக்கு அவள்தானே ஊற்ற வேண்டும்.

"மில்லி எந்தச் சீட்டுல இருக்கா, ஐயா?"

"மத்ததுல," என்றார் பெம்பர்ட்டன், தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டே.

கெண்டியின் மூக்கிலிருந்து இரண்டு சொட்டு தரையில் விழுந்தது. கெசையா குனிந்து துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

இவள் தங்கையைப் பார்த்தாள். ட்ரூசில்லா அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். ஒரு துளிகூட இல்லை. ஜெயித்ததில் பாதி ருசி குறைந்துபோனது.

வண்டிகளில் சாமான் ஏற்றும்போது ட்ரூசில்லா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, மில்லியையும் நீயே கூட்டிட்டுப் போயேன்."

"பதிலுக்கு?"

"ஒண்ணும் வேண்டாம். வழியெல்லாம் அழுதுகிட்டே வரும் அது. எனக்குத் தலைவலி."

அவள் தங்கையின் முகத்தை, குதிரை வாங்கப் போனவன் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சும்மா கொடுக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால், விலை வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

வாங்கிக்கொண்டால், பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவள் ட்ரூசில்லா என்றாகிவிடும். அது கெசையாவுக்கு ஆயுசுக்கும் மறக்காது. இவள் வீட்டு ரொட்டியைத் தின்று, இவள் துணியைத் தைத்துக்கொண்டு, நன்றியை மட்டும் ஐம்பது மைல் தாண்டி அங்கே அனுப்பிக்கொண்டிருப்பாள்.

"வேண்டாம்டி. சீட்டுல வந்தது வந்ததுதான்."

ட்ரூசில்லா உதட்டைப் பிதுக்கினாள்.

"உன் இஷ்டம். நான் தொட்டதெல்லாம் வேணும் உனக்கு. நான் குடுத்தா மட்டும் ஆகாது."

இரண்டு வண்டிகளும் சாலை பிரியும் இடம் வரை ஒன்றாகவே போயின.

பிறகு ட்ரூசில்லாவின் வண்டி கிழக்கே திரும்பியது. பின்பலகையில், இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே மில்லி. அழவில்லை. தாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இவள் வண்டி மேற்கே திரும்பியது. மூட்டைகளின் மேல் கெசையா, பின்பக்கம் முகம் வைத்து.

"அங்கே என்ன பார்வை? இனிமே உன் எஜமானி நான்."

"ஆமாம்மா."

கெசையா திரும்பவில்லை.

கிழக்கே போன வண்டி சின்னதாகிக்கொண்டே போனது. அப்புறம் வெறும் புழுதி. அப்புறம் புழுதியும் அடங்கிப்போனது. கெசையா இமைக்காமல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ட்ரூசில்லா அப்படி என்னத்தைச் செய்துவிட்டாள் இந்தக் கெசையாவுக்கு?

அந்தப் பார்வையில் பாதியாவது தன் பங்குக்கு வந்திருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.