ஐந்தாவது ஆள்

அவள் வாயைத் திறக்கக் கூடாது.

கையை நீட்டிக் காட்டவும் கூடாது.

எதிரே மயிலாத்தாள் போனைப் பிடித்துக்கொண்டு விழிக்கிறார். அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்த அறுபது வயது அம்மாள். போனில் இருப்பது ஒரு கண் மருத்துவமனைக்கான புதிய செயலி. அதில் புதன்கிழமைக்கு டாக்டரைப் பார்க்க நேரம் பதிய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

செயலியை வடிவமைத்தவள் அவள்.

தடுமாறினால் தடுமாறட்டும். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கத்தான் ஆட்களைக் கூப்பிடுவது. இந்தத் தொழிலின் முதல் பாடம் அது.

பாடம் என்றாலும் அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பதினோரு வருடம் இருந்தாள். காதணி விழா, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி. பெரிய பேனர் மெஷினை விட்டு வெளியே வர இருபது நிமிடம் பிடிக்கும். அந்த இருபது நிமிடங்களில் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

இப்போது கோயம்புத்தூரில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கம்பெனியில், மூன்று மாதச் சோதனைக் காலம். வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

ஐந்து பேரில் நான்கு பேர் தாங்களாகவே பதிந்துவிட்டால் செயலி தேறிவிடும். அவளும் தேறிவிடுவாள். இல்லாவிட்டால் ஃப்ளெக்ஸ் கடை நாற்காலி காலியாகத்தான் இருக்கிறதாம். கடைக்காரர் பெரிய மனதோடு சொல்லி அனுப்பியிருந்தார்.

இதுவரை மூன்று பேர் முடித்துவிட்டார்கள். ஒரு கல்லூரிப் பெண்ணால் முடியவில்லை. மயிலாத்தாள் ஐந்தாவது ஆள்.

மேஜைக்கு மேலே ஒரு கேமரா தொங்குகிறது. அதில் போனும் கைகளும் மட்டும் தெரியும். அடுத்த அறையில் டீம் லீடர் நிவேதன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விரல் புதன்கிழமையைத் தொட்டது. பத்தரை மணியைத் தொட்டது.

நின்றது.

‘உறுதி செய்’ என்பது திரையின் அடியில், வெளிர் சாம்பல் நிறத்தில், மெல்லிய எழுத்தில் இருந்தது. பேனராக இருந்தால் அதே சொல்லைச் சிவப்பில் போட்டு, மஞ்சள் ஓரம் கட்டி, ஓரடி உயரத்துக்கு வைத்திருப்பாள். அந்தப் புத்தியை விடத்தான் இத்தனை நாள் படித்தது.

விரல் இடப்பக்கம் போனது. மயிலாத்தாள் நிமிர்ந்து பார்த்தார்.

விரல் மேலே போனது. நிமிர்ந்து பார்த்தார்.

விரல் மெல்லக் கீழே இறங்கியது. நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். தொட்டார்.

டிங்.

பதிவாகிவிட்டது.

அவள் தாளில் ஐந்தாவது பெயருக்கு நேரே டிக் போட்டாள். லேப்டாப்பில் நிவேதனின் செய்தி வந்து விழுந்தது. ‘நாலு ஆச்சு. கலக்கிட்டீங்க.’

அப்போதுதான் அவளுக்குத் தன் கழுத்து நினைவுக்கு வந்தது.

தலையை ஆட்டியிருந்தாள். லேசாக, தானே அறியாமல்.

ஃப்ளெக்ஸ் கடையில் கஸ்டமர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து திரையில் விரல் வைத்துக் குழம்புவார். போட்டோ இங்கேயா, அங்கேயா. சரியான இடத்துக்கு விரல் வந்ததும் அவள் தலையை லேசாக ஆட்டுவாள். அவரும் ஆட்டிவிடுவார். பேனர் சீக்கிரம் மெஷினுக்குப் போகும். அதற்காகவே கடைக்காரர் அவளுக்குச் சம்பளம் கூட்டினார். பதினோரு வருடப் பழக்கம், மூன்று மாதத்தில் எங்கே போகும்?

முடித்த மற்ற மூன்று பேரையும் நினைத்துப் பார்த்தாள். ஆட்டோக்காரர் நடுவில் நிமிர்ந்தார். டீச்சர் இரண்டு தடவை நிமிர்ந்தார். மருந்துக் கடைக்காரர் தானாக ஏதோ பேசிக்கொண்டே அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரிப் பெண் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. அக்கறை இல்லாத பெண் என்று அன்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கேமராவில் அவள் முகம் இல்லை. அவள் சொல்லாமல் யாருக்கும் தெரியாது.

“அம்மா, இன்னொருக்கா பண்ணிப் பாக்கலாங்களா? இந்தத் தடவை வியாழக்கிழமைக்கு.”

“அதுக்கென்ன கண்ணு.”

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தாளையும் லேப்டாப்பையும் மடியில் வைத்துக்கொண்டாள். சுவரில், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. அதை முழுவதும் படித்தாள்.

பின்னால் சத்தம் இல்லை.

லேப்டாப் மினுங்கியது. ‘எதுக்கு மறுபடி?’

அவள் படத்தை இரண்டாம் முறை படித்தாள். டிங் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். வந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

வளையல் அசைந்தது. பெருமூச்சு ஒன்று கேட்டது.

“கண்ணு, செத்த இந்தப் பக்கம் திரும்பு. உன்னையப் பாக்காம எனக்கு ஒண்ணுந் தெரிய மாட்டீங்குது.”

ஆள் சொன்னதைத் திருத்தாமல் எழுத வேண்டும் என்பது இரண்டாவது பாடம். அவள் திரும்பாமல் அதை அப்படியே எழுதினாள்.

பிறகு தாளில் இருந்த நான்கு டிக்குகளையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். கல்லூரிப் பெண்ணின் பெயருக்கு நேரே இருந்த பெருக்கல் குறியை மட்டும் விட்டுவைத்தாள்.