திரும்பிய கோடு

கருந்துளை ஒன்றைச் சூழ்ந்த கொதிக்கும் வாயுவின் எக்ஸ்ரே படங்கள் இரண்டு, இரண்டிலும் வானின் வடக்கு மேலே இருக்கும்படி திரையில் ஒளிர்கின்றன. இரண்டிலும் மையத்தை ஊடுருவி மெல்லிய கோடு ஓடுகிறது. அது கருந்துளை பீய்ச்சும் வாயு என்றுதான் நாளை சமர்ப்பிக்க வேண்டிய ஆய்வேடு முழுக்க ஆய்வு மாணவியான அவள் எழுதியிருக்கிறாள். புதிய படத்தில் மட்டும் அது ஏன் சாய்ந்து நிற்கிறது? “இந்தத் தடவை தொலைநோக்கியை எவ்வளவுடி திருப்பி வச்சு எடுத்தாங்க?” என்கிறாள் பக்கத்து மேசைத் தோழி. “நாப்பது டிகிரி.” அவள் பாகைமானியைத் திரையில் வைத்துப் பார்க்கிறாள். கோடும் நாற்பதுதான் சாய்ந்திருக்கிறது. தோழி ஆய்வேட்டின் தங்க எழுத்துகளைத் தடவுகிறாள். “பைண்டிங் நல்லா வந்திருக்குடி.” வானம் திரும்பாது, கோடு கேமராவுடையது. பதிந்த படத்தைக் கேமரா படித்தெடுக்க வரிசை வரிசையாக நகர்த்தும்போதும் கருந்துளையை ஒட்டிய வாயுவின் வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கிறது. கடந்துபோகும் ஒவ்வொரு வரிசையிலும் அது ஒரு புள்ளி வைக்கிறது.