அரையிறுதியில் நின்ற லைவ்

“பாய், ஆறு மணிக்கு மாப்பிள்ளை வர்றாரு. ராத்திரி திருச்சியில சிங்கப்பூர் ஃபிளைட்டு. கல்யாண வீடியோவைப் பென்டிரைவ்ல குடுக்கலைன்னா பொண்ணோட அப்பா வீரையன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? ஒரே பொண்ணு அவருக்கு!”

திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் இருக்கும் தன் ஸ்டுடியோவுக்குள் நுழைந்த சேக் தாவூதை ரெமிஜியஸ் உட்காரக்கூடச் சொல்லவில்லை. கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துப் போனார். எடுத்த வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் குட்டி சர்வர் அங்கே இருந்தது. நாலு டிஸ்க், நாலு விளக்கு. மூன்று பச்சை. ஒன்று சிவப்பு.

“ஒரு டிஸ்க் செத்துப்போச்சு,” என்றார் தாவூது. கம்ப்யூட்டர் சர்வீஸில் இருபது வருஷம் ஊறியவர். “உள்ள இருக்கிறது எதுவும் அழியலை சார், பயப்படாதீங்க. ஆனா இந்த மாடல்ல நாலுல ஒண்ணு இல்லைன்னாலும் பெட்டி பூட்டிக்கும். சரியான டிஸ்க்கை மாட்டினாத்தான் திறக்கும்.”

“மாட்டினேனே! பெருசா போடலாம்னு போன வாரமே புதுசு நாலு வாங்கி வச்சேன். ஏத்துக்கவே மாட்டேங்குது பாய்!”

தாவூது புது டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார்.

“இது ஒவ்வொண்ணும் எட்டு டிபி கொள்ளும். இந்தப் பெட்டி ரெண்டு டிபிக்கு மேல எடுக்காது. அதுலயும் கம்பெனி லிஸ்ட்ல இருக்கிற மாடலைத்தான் ஏத்துக்கும். வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

ரெமிஜியஸ் டிஸ்க்கை வாங்கி மேசைக்கு அடியில் தள்ளினார். மனைவி ஃபிளோராதான் வாயைத் திறந்தாள்.

“எப்படிக் கேப்பாரு? எதிர்க்கடை ஸ்டுடியோ பஞ்சநதம் நாலு டிஸ்க்கும் சேர்த்து எட்டு டிபி வச்சிருக்காராம், இவருக்கு முப்பத்திரண்டு வேணுமாம். இந்தப் பெட்டி வாங்கின கதையும் அதான். அவரு லைவ் ஓட்டுறதுக்குன்னு வாங்கின மறுநாளே, அதே கடையில, அதே மாடல்!”

“இப்ப அதுவா முக்கியம்? பாய், பழைய மாடல் டிஸ்க் எங்க கிடைக்கும்?”

“தஞ்சாவூர்லகூட கிடைக்காது சார். வர்றதை நிறுத்தி அஞ்சு வருஷம் ஆச்சு. கேமரா கார்டுல வீடியோ இருக்குமே?”

“காலையில வேளாங்கண்ணியில ஒரு ஞானஸ்நானம். கார்டை அழிச்சுட்டுத்தான் ஷூட்டுக்கே போனேன்.” ரெமிஜியஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தாவூது கொஞ்சம் யோசித்தார். “அரை மணி நேரம் குடுங்க,” என்று கிளம்பினார். ஸ்கூட்டரைக்கூட எடுக்கவில்லை. நடந்தே போனார்.

மணி நாலே முக்கால். ரெமிஜியஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதற்றம் வந்தால் அவருக்கு ஒரு பழக்கம், செல்போனைத் திறந்து பஞ்சநதத்தின் யூடியூப் சேனலைப் பார்ப்பார். இன்று அதில் கபடி அரையிறுதி லைவ். ஐயாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று துள்ளிக் குதித்தார்.

“ஃபிளோரா, இங்க வா! நின்னுபோச்சு! கடைசி ரெய்டு, ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம், அப்படியே நின்னுபோச்சு! கமென்ட்ல கிழிகிழின்னு கிழிக்கிறானுங்க!”

“நம்ம பொழப்பே தொங்குது. அங்க என்ன வேடிக்கை?”

“சும்மா இரு. பத்து வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்!”

சொல்லி வாய் மூடவில்லை, தாவூது வந்துவிட்டார். கைக்குட்டையில் சுற்றியிருந்தது ஒரு டிஸ்க். பழைய மாடல். அதே ரெண்டு டிபி.

“பாய்! எங்க பிடிச்சீங்க?”

“ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. தள்ளுங்க, மாட்டிருவோம்.”

செத்ததைக் கழற்றிவிட்டு இதைச் செருகினார். மூன்று பேரும் விளக்கையே பார்த்தார்கள். சிவப்பு. சிவப்பு. “ஆரோக்கிய மாதாவே!” என்று ரெமிஜியஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏங்க, பச்சை! பச்சைங்க!” ஃபிளோரா கத்தினாள்.

பெட்டி திறந்துகொண்டது. வீரையன் மகள் மணக்கோலத்தில் திரை நிறையச் சிரித்தாள். ரெமிஜியஸ் தாவூதைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டார்.

ஆறு மணிக்கு வீரையனும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மகள் தாலி ஏற்கும் இடத்தைத் திரையில் பார்த்த வீரையன் துண்டால் கண்ணைத் துடைத்தார். “நல்லாருங்க தம்பி” என்று ரெமிஜியஸின் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டு, பென்டிரைவோடு கிளம்பினார்.

சந்தோஷம் தாங்கவில்லை ரெமிஜியஸுக்கு. கபடி லைவ் உறைந்து நின்ற படத்தை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். கீழே ஒரு வரி வேறு: ‘அரையிறுதியிலேயே அவுட்! நம்பிக்கைக்கு என்றும் ரெமிஜியஸ் ஸ்டுடியோ.’

எட்டிப் பார்த்த தாவூதின் முகம் மாறியது. “சார், அதை எடுத்துடுங்க.”

“ஏன் பாய்? போட்டாச்சு! இந்தாங்க, முதல் ஆளா அவனே பாத்துட்டான்!”

டிங் என்றது செல்போன். பத்து வருஷத்தில் முதல் தடவையாகப் பஞ்சநதத்திடமிருந்து ஒரு மெசேஜ்.

“திட்டியிருப்பான் பாரு!” என்று சிரித்தபடியே திறந்தார். படித்தார். சிரிப்பு நின்றது. கையிலிருந்து செல்போனை வாங்கி ஃபிளோரா சத்தமாகப் படித்தாள்.

“கபடி கிடக்கட்டும். என்னோட டிஸ்க்கை உங்க பெட்டி ஏத்துக்கிச்சா?”