பச்சைக்கல் தூண்டில்

“அந்த வெளிநாட்டுக்காரிகிட்டச் சொல்லும் வே, கல்லுல கைய வைக்க வேண்டாம்னு.”

குருநாதன் கல் அறுக்கும் இயந்திரத்தை நிறுத்தாமலேயே சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண், பச்சை ஜேடு கல்லில் அவர் செதுக்கியிருந்த பதக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூண்டில் முள், சுருண்ட இலைக்கொழுந்து, பின்னிக் கிடக்கும் இரண்டு இழைகள். எல்லாமே நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய பழைய வடிவங்களை ஒட்டிச் செய்தவை.

அவளை அழைத்து வந்த கார் டிரைவர் ரிஸ்வான் அகமதுதான் இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்த்தான். பெயர் மெரியானா, ஊர் நியூசிலாந்து, மதுரையில் விமானம் இறங்கியதும் நேரே சங்கரன்கோவிலுக்கு விடச் சொன்னாள். அதற்கு மேல் அவனுக்கும் ஒன்றும் தெரியாது.

குருநாதனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இணையத்தில் அவர் போடும் படங்களுக்குக் கீழே, எங்கள் வடிவங்களைத் திருடாதே என்று அந்த நாட்டுக்காரர்கள் சிலர் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இப்போது ஆளையே அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் யாரிடம் கற்றீர்கள் என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நானா யோசிச்சுச் செஞ்சது. கேஸ் போடணும்னா போட்டுக்கிடச் சொல்லும்.”

ரிஸ்வான் அதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னான். அவள் முகம் இறுகியது. ஒரு தூண்டில் பதக்கத்தை எடுத்து, கயிறு கோக்கும் துளைக்குக் கீழே இருந்த சின்ன வெட்டைக் காட்டினாள். மாவோரி வடிவத்தில் இந்த வெட்டு கிடையாது, ஒரே ஒருவர்தான் தன் அடையாளமாக இதைப் போடுவார், அது தெரியாமல் அதையும் சேர்த்துக் காப்பியடித்திருக்கிறீர்கள் என்றாள்.

குருநாதன் எழுந்த வேகத்தில் தண்ணீர் டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. “கீழ ஒயரு கெடக்கு, தள்ளி நிக்கச் சொல்லும்” என்று எரிந்து விழுந்தார். ரிஸ்வான் வாயைத் திறப்பதற்குள் அவள் இரண்டடி பின்னால் போயிருந்தாள். குருநாதன் சுவிட்சை அணைத்தார். பட்டறை சட்டென்று அமைதியானது.

“யாருன்னு கேக்காள்லா? எங்க அண்ணன் மகாராஜன். போதுமாம்மா?”

அதன் பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. அண்ணன் வேலைக்கென்று அந்த நாட்டுக்குப் போனது, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டது, மாமனாரிடம் கல் செதுக்கப் படித்தது என்று எல்லாவற்றையும் கொட்டினார். அம்மா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் அவன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியாக முகம் பார்க்கக்கூட அவன் வரவில்லை. காரியம் முடிந்த பிறகு ஒரு பார்சல் வந்தது. உள்ளே இருந்தது இந்தத் தூண்டில் பதக்கம்.

அதைத் தூக்கி எறியத்தான் நினைத்தார். முடியவில்லை. பார்த்துப் பார்த்துச் செதுக்கியே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். அண்ணன் செய்தது எங்கள் வீட்டுச் சொத்து, அதைக் கேட்க நீ யார் என்று முடித்தார்.

ரிஸ்வான் திணறித் திணறி அத்தனையையும் ஆங்கிலத்தில் சொன்னான். அவள் பதக்கத்தை மேசையில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். அவருக்கு நீங்கள் ஒரு கடிதமாவது போட்டீர்களா?

“செத்தவனுக்கு எவன் வே கடுதாசி போடுவான்? அவன் எங்களுக்குச் செத்து இருபது வருசம் ஆச்சுன்னு சொல்லும்.”

ரிஸ்வான் தயங்கினான். இதை எப்படிக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம் என்று வார்த்தை தேடினான். அவள் அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

“இல்ல சித்தப்பா. அப்பா செத்து நாப்பது நாள்தான் ஆவுது.”